யார் கட்டுவது

மொழி, இலக்கியம், சரித்திரம், தத்துவம் ஆகிய துறைகளின் ஆய்விதழ்களை எவரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம் என்கிற ஏற்பாட்டுக்கு ஓப்பன் ஆக்ஸஸ் என்று பெயர். 2002ல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைக்குப் பின் இது ஒரு இயக்கமாகவே ஆகியிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து படிக்கிற என் போன்றவர்களுக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் வரவு எங்கிருந்து என்று கேட்காமல் ஒரு கணக்கை மூடிப் பழக்கமில்லை எனக்கு, பாங்கி உத்தியோகம். வாசகன் கட்டாத பணத்தை யார் கட்டுகிறார்கள்?

பெரிய பிரசுர கம்பெனிகள் கண்ட வழி, எழுதுகிறவனிடம் வாங்குவது. விஞ்ஞானத்தில் இது ஓரளவு நடக்கும். ஆராய்ச்சிக்கு வருகிற மானியத்திலேயே பிரசுரக் கட்டணத்தையும் சேர்த்துவிடலாம். இலக்கிய விமர்சகனுக்கு மானியம் ஏது? ஒரு நாவலைப் பத்து வருஷம் திரும்பத் திரும்பப் படித்து ஒரு கட்டுரை எழுதுகிறவனிடம் 1000 டாலருக்கு மேல் கேட்பது, எல்லோரும் கேட்கலாம், நீ மட்டும் பேசாதே என்று சொல்வதுதான். சலுகை உண்டு என்பார்கள். ஏழ்மைக்கு அத்தாட்சி காட்டிவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றால் அந்த அபிப்பிராயத்துக்கு என்ன மரியாதை? முன்பு வாசகன் வெளியே நின்றான். இப்போது எழுதுகிறவன் நிற்கிறான்.

இதை மறுத்தவர்களும் உண்டு. 1949ல் தொடங்கிய 'லிங்குவா' என்ற மொழியியல் இதழ் எல்ஸெவியர் கம்பெனியுடையது. இதழ் முழுவதும் திறந்திருக்க வேண்டும், எழுதுபவரிடம் 400 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2015ல் அதன் ஆசிரியர்கள் கேட்டார்கள். கம்பெனி இணங்கவில்லை. ஆசிரியர்கள் 6 பேரும் ஆலோசனைக் குழுவினர் 31 பேரும் விலகி, 2016ல் 'க்ளாஸா'வைக் கொண்டு வந்தார்கள். பழைய பெயர் கம்பெனியிடமே தங்கிவிட்டது. இதில் நான் தியாகத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒரு பத்திரிகை என்பது அதன் பெயரா, அதைச் சுற்றிக் கூடிய மனிதர்களா என்ற கேள்விக்கு அவர்கள் காரியத்தில் பதில் சொன்னார்கள் என்பதே முக்கியம்.

பணத்துக்கான பதிலை இங்கிலாந்தில் மார்ட்டின் ஈவ், காரொலைன் எட்வர்ட்ஸ் இருவரும் தேடினார்கள். அவர்கள் ஆரம்பித்த ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹ்யுமானிட்டீஸ் 2015ல் 7 இதழ்களோடு வெளிவரத் தொடங்கியது. எழுதுபவரிடமும் வாங்குவதில்லை, படிப்பவரிடமும் வாங்குவதில்லை. பல நூலகங்கள் வருஷா வருஷம் தம் பங்கைச் செலுத்துகின்றன. பங்கு செலுத்தாத நூலகத்தின் வாசகனும் அதே பக்கத்தைப் படிக்கிறான். 'க்ளாஸா'வும் இன்று அங்கேதான் இருக்கிறது.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1959ல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'வுக்குச் சந்தா கட்டியவர் ஒரு பிரதிக்கு விலை கொடுத்தார் என்பதைவிட, ஒரு பேச்சு தொடரட்டும் என்று கொடுத்தார் என்பதே பொருந்தும். கட்டாதவரும் இரவல் வாங்கிப் படித்தார். எழுதியவரிடம் யாரும் பணம் கேட்கவில்லை. தமிழில் நவீன விமர்சனத்தை உண்டாக்கிய செல்லப்பாவும் க. நா. சு.வும் பேராசிரியர்கள் அல்லர். கட்டணம் கேட்கும் இதழ்தான் அன்று இருந்த ஒரே இடம் என்றால், அவர்களுடைய கட்டுரைகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்திருக்கும்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கொடுக்காவிட்டாலும் நமக்குக் கிடைக்கும் என்று நெருக்கடியான ஒரு வருஷத்தில் நூலகங்கள் ஒவ்வொன்றாக நினைக்க ஆரம்பித்தால் எல்லாம் நின்றுவிடும். நம் பத்திரிகைகள் பலவும் அப்படித்தான் நின்றன. இருந்தாலும் எழுதுகிறவனிடம் கை நீட்டுவதைவிட இந்த ஆபத்து கௌரவமானது.

இனி ஒரு திறந்த இதழைப் பார்க்கும்போது, கட்டுரையாளர்களுக்கான விதிகளை முதலில் படிக்கலாம். அங்கே ஒரு தொகை குறிப்பிட்டிருந்தால், அந்த இதழில் யாரெல்லாம் எழுதமாட்டார்கள் என்பது தெரிந்துவிடும். நாம் படித்திருக்க வேண்டியவர் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும்.