ஆவணமற்ற மாணவரும் 'குற்றமின்மை'யும்

ஆவணமற்ற குடிவரவாளரின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலையை மறுக்க இடமளித்த ரெக்சாஸ் மாநிலத்தின் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1982 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையாற் செல்லாததாக்கியது. பெற்றோர் செயலுக்காகப் பிள்ளைகளைத் தண்டித்தலாகாது என்பது அத்தீர்ப்பின் முக்கிய நியாயங்களுள் ஒன்று. பாடசாலைக் கதவு திறந்தது. ஆயின் பெற்றோர் குற்றவாளிகளாகவே வெளியில் நிறுத்தப்பட்டனர். தீர்ப்பு பல்கலைக்கழகத்தை எட்டவுமில்லை. 2001 இல் முன்வைக்கப்பட்ட 'ட்ரீம்' சட்டமூலம் சட்டமாகவில்லை. 2012 இல் வந்த 'டாகா' ஏற்பாடு, கல்வியை ஒரு முக்கிய நிபந்தனையாக்கி, நாடுகடத்தலைத் தற்காலிகமாக ஒத்திவைத்ததேயன்றிக் குடியுரிமை வழங்கவில்லை.

இச்சூழலிற் பிறந்த எழுத்துக்கள் பல, திறமைசாலி மாணவனின் தன்வரலாறுகளே. நற்பெறுபேறு அங்கு உரிமைக்கு விலையாகிறது. ஹார்வர்டிற் பயின்றவரும் தாமே ஆவணமற்றவராக வளர்ந்தவருமான கார்லா கோர்னேஹோ வில்லாவிசென்சியோ, 'ஆவணமற்ற அமெரிக்கர்' (2020) என்னும் பொருள்படும் தலைப்புடைய தம் ஆங்கில நூலில் அவ்வார்ப்பை மறுக்கிறார். நாட்கூலிகளும், 2001 இல் இடிந்த நியூயோர்க் கோபுரங்களின் சிதைவுகளை அகற்றியோரும் அதில் முன்னிலை பெறுகின்றனர். மாணவரின் பட்டத்துக்குப் பின்னுள்ள உழைப்புக்கு இங்கு முகம் கிடைக்கிறது. இது சிறிய சாதனையன்று. எனினும், நொந்த உடல்களை இவ்வளவு நெருங்கிக் காட்டும் எழுத்து, அவ்வுழைப்பால் இலாபமடைவோரை ஏன் நிழலாகவே விட்டுவிடுகிறது?