யாருடைய கடந்தகாலம்?: ஸ்டீபன் கிங்கின் 11/22/63 நாவலை முன்வைத்து

ஸ்டீபன் கிங்கின் 11/22/63 (2011) நாவலை ரொம்பவும் ரசித்துப் படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஓடும் வெகுஜன நாவல், அதுவும் பேய்க்கதைக்காரர் எழுதியது, இதைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று தோழர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கோ அந்த ரசனையே பேச வேண்டிய விஷயமாகப் படுகிறது. ஒரு பிரதி தரும் இன்பம் யாருடைய நினைவிலிருந்து ஊறுகிறது?

மெய்ன் மாநிலத்து ஆங்கில ஆசிரியன் ஜேக் எப்பிங். சாப்பாட்டுக்கடைக்காரர் அல் டெம்பிள்டனின் சரக்கறையில் ஒரு பொந்து இருக்கிறது. இறங்கினால் 1958 செப்டம்பர் 9, எப்போதும் அதே நாள், அதே வேளை. அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் இங்கே இரண்டே நிமிஷம். மறுபடி இறங்கினால் முன்பு செய்த மாற்றமெல்லாம் அழிந்துபோகும். அல் இதை வைத்து என்ன செய்தார் தெரியுமா? ஒரே இறைச்சியை 1958 விலையில் திரும்பத் திரும்ப வாங்கிவந்து பர்கர் போட்டு விற்றார். வரலாற்றின் ஓட்டை வழியே முதலில் வந்துசேர்வது மலிவுக் கறி. எனக்கு அந்த இடம் வெறும் வேடிக்கையாகப் படவில்லை.

சாகக் கிடக்கும் அல், 1963 நவம்பர் 22இல் டல்லாஸில் கென்னடி சுடப்படுவதைத் தடுக்கும் வேலையை ஜேக்கிடம் ஒப்படைக்கிறார். அதற்கு ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்தாக வேண்டும். நாவல் நாவலாவது இந்தக் காத்திருப்பில்தான். டெக்சாஸில் சின்ன ஊர்ப் பள்ளி, நாடகம் போடுவது, நூலகர் ஸேடியோடு காதல், நடுநடுவே ஆஸ்வால்டை ஒட்டுக்கேட்பது. பெண்டாட்டியை அடிக்கிற அற்பனாக ஆஸ்வால்டைக் காட்டும் பக்கங்கள் அபாரம். கடந்தகாலமும் சும்மா இருப்பதில்லை. வீம்பு பிடிக்கிறது, கார் மக்கர் பண்ணுகிறது, ஆளைப் படுக்கையில் தள்ளுகிறது.

ஆனால் என்னை உலுக்கியது கென்னடி அல்ல, பள்ளித் துப்புரவுப் பணியாளர் ஹாரி டன்னிங். 1958இல் அவருடைய அப்பன் சுத்தியலால் குடும்பத்தையே அடித்துக் கொன்றான். சிறுவன் ஹாரி நொண்டிக் காலோடு தப்பினான். ஜேக் போய் அவனைக் காப்பாற்றிவிட்டு 2011க்குத் திரும்பினால், ஹாரி வியட்நாம் போரில் செத்துப்போயிருக்கிறார். ஊனம் விலகியவர் பட்டாளத்துக்குத் தகுந்தவராகிவிட்டார். ஓர் அப்பனைத் தடுத்தால் அடுத்த முனையில் அரசு காத்திருக்கிறது என்று இங்கே கிங்குக்குத் தெரிந்திருக்கிறது. கென்னடியிடம் வரும்போது அது மறந்துபோய், வரலாறு ஒரு தோட்டாவில் தொங்குகிறது. கென்னடி பிழைத்தால் ஜார்ஜ் வாலஸ் ஜனாதிபதி, ஹனோய் மீது அணுகுண்டு, பூமியே ஆட்டம் காண்கிறது. ஆக, தனி ஒருவன் திருத்த வேண்டும், இல்லையென்றால் தொடாமல் விட வேண்டும். மூன்றாவது வழி இந்தப் பிரதிக்குள் கிடையாது.

1958இல் ஜேக் குடிக்கும் பத்து சென்ட் ரூட் பீரின் ருசி நம் நாக்கிலும் ஒட்டிக்கொள்கிறது. வட கரோலினாவின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மட்டும் அது கசக்கிறது. கறுப்பர்களுக்கான கழிப்பறை என்று அம்புக்குறி காட்டும் பாதையில் போனால், நச்சுச் செடிப் புதருக்கு நடுவே ஓடைமேல் ஒரு பலகை. அவ்வளவுதான் கழிப்பறை. அந்தக் காலம் இன்பமயமானது என்று எண்ணிவிடாதீர்கள் என கிங்கே எச்சரிக்கிறார், நேர்மையான இடம். பிறகு ஜேக் காரில் ஏறிப் போய்விடுகிறான்.

அதே மாநிலத்தில், கிரீன்ஸ்பரோவில், 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் வெள்ளையர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். ஜூலையில் கடை இறங்கிவந்தது. இவர்கள் எந்தப் பொந்து வழியாகவும் வந்தவர்களில்லை, பின்னால் என்ன நடக்கும் என்றும் அறியாதவர்கள். ஜேக் அந்த வருஷங்களில் அங்கேதான் வாழ்கிறான்; அவனுடைய திட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை.

ஆக்டேவியா பட்லரின் கின்ட்ரெட் (1979) நாவலில் டேனா என்ற கறுப்பினப் பெண் 1976இலிருந்து அடிமைக்கால மேரிலாந்துக்குத் தன் விருப்பமில்லாமலே இழுக்கப்படுகிறாள். தன் மூதாதை பிறக்க வேண்டுமானால், அடிமைகளை வைத்திருக்கும் வெள்ளையன் ரூஃபஸை அவள் உயிரோடு காப்பாற்றியாக வேண்டும். அவளுக்கு ரூட் பீர் கிடைப்பதில்லை, சவுக்கடிதான். கடைசியில் இடது கையை அங்கே இழந்துவிட்டு வருகிறாள். ஜேக் முழு உடம்போடு திரும்பி, கிழவியாகிவிட்ட ஸேடியோடு நடனமாடுகிறான். அந்த நடனத்தில் எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

இரண்டையும் படிக்க வாய்த்தால் பட்லரை இரண்டாவதாகப் படியுங்கள்.