கௌபாய்ப் படங்களும் நடுகல்லும்

தமிழாசிரியர் நால்வர் கூடிய இடத்தில் சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகஞ்சுளிப்பார் உளர். அதிலும் கௌபாய்ப் படம் என்றால் கேட்கவே வேண்டா. குதிரைக் குளம்படியும் துப்பாக்கி வெடியும் அன்றி அதில் ஆராய்தற்கு என்ன இருக்கிறது என்பர்; சிறுவர்க்குரிய கேளிக்கை என்று ஒதுக்கிவிட்டுச் சங்க இலக்கியத்திற்குத் திரும்பிவிடுவர். அவர்கள் திரும்பும் அந்தச் சங்க இலக்கியத்திலேயே இப்படங்களை அளக்கும் கோல் ஒன்று கிடக்கிறது. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இப்படங்களின் களத்தை நோக்குவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடந்த நிலத்தில் மாடு வளர்த்தவரும், உழுது பயிரிட வந்தவரும், இருப்புப்பாதை போட்டவரும், இவர்க்கெல்லாம் முன்பே அங்கு வாழ்ந்த பூர்வ குடிகளும் ஒருவரோடொருவர் மோதினர். இவ்வகைக் கதைகளிற் பெரும்பாலானவை அக்காலத்தவை. அங்கே ஆநிரைதான் செல்வம். அதனைக் கவர்தலும் மீட்டலும் போர். நிலம் வறண்டது, வழியில் ஆறலைப்போர் உண்டு, அரசன் ஆணை எட்டாத தொலைவு. இதனைக் காணும் தமிழாசிரியர்க்கு வெட்சியும் கரந்தையும் பாலையும் நினைவுக்கு வாராமல் இரா.

ஜான் ஃபோர்டு என்னும் இயக்குநர் தொல்காப்பியம் படித்தார் என்று நான் கூற வரவில்லை. (நம்மவருள் அங்ஙனம் கூறத் துணிவாரும் உளர், அவ்வழி நமக்கு வேண்டா.) ஒத்த வாழ்க்கை ஒத்த கதையைப் பிறப்பிக்கும், அவ்வளவே. கவனிக்க வேண்டியது நடுகல்.

போரில் மடிந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியர் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறார். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்தோர் அறிவர்: 'தொறு' எனப்படும் ஆநிரையை மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு, அதனைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த மிகப் பழைய கல்லொன்றிலும் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. கல்லை நட்டவர் அவரவர் பக்கத்தாரே, மெய்தான். எனினும் நம் இலக்கணம் கவர்ந்தவனை ஒரு திணையிலும் மீட்டவனைத் தாழ்ந்த திணையிலும், அல்லது இதனை மாற்றியும், வைக்கவில்லை. தொல்காப்பியர் இரண்டையும் வெட்சிக்குள்ளேயே அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையார் கரந்தையைத் தனித் திணையாக்கிய போதும் ஒருவனை வீரன் என்றும் மற்றவனைக் கள்வன் என்றும் பிரித்தாரில்லை.

கௌபாய்ப் படங்களுள் எது பெரிது என்று என்னைக் கேட்டால், வென்றவன் கதையைச் சொல்லும்போதே தோற்றவனுக்கும் ஒரு கல் கடன்பட்டிருக்கிறோம் என்பதை உணர்ந்த படமே பெரிது என்பேன்.

ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தை எடுத்துக்கொள்வோம். அது தொடங்குவதே ஆநிரை கவர்தலில்தான். காமாஞ்சி மறவர்கள் மாடுகளை ஓட்டிச் செல்கின்றனர்; வீட்டிலுள்ள ஆடவர் மீட்கப் புறப்படுகின்றனர்; நெடுந்தொலைவு போன பின்னரே அது தங்களை வெளியே இழுப்பதற்கான சூழ்ச்சி என்று தெரிகிறது. அதற்குள் வீடு எரிந்து, சிறுமி டெபி கவரப்பட்டாள். அவளுடைய சிற்றப்பன் ஈத்தன் (ஜான் வெய்ன்) ஆண்டுக் கணக்கில் தேடி அலைகிறான். மீட்பதற்கா, கொல்வதற்கா என்பது அவனுக்கே தெளிவில்லை. வழியில் புதைக்கப்பட்ட காமாஞ்சி ஒருவனின் கண்களை ஈத்தன் சுடுகிறான். கண்ணிழந்தவன் ஆவி அவர்களுடைய மேலுலகம் புகாமல் காற்றிடையே அலையும் என்பது அக்குடியினர் நம்பிக்கை என்று அவனே காரணமும் சொல்கிறான். பகைவனின் நடுகல்லைப் பெயர்த்தெறிவதற்கு ஒப்பான செயல் அது. 1980களில் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்டபத் தொலைக்காட்சியில் மலாய் அடியெழுத்தோடு இப்படத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டிய கூட்டம் அந்த ஒரு வெடிக்கு மட்டும் கைதட்டவில்லை. ஆசிரியர் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை அது. காமாஞ்சித் தலைவனின் மக்களும் வெள்ளையரால் கொல்லப்பட்டவர்களே என்பதையும் படம் ஓரிடத்தில் சொல்லிவிடுகிறது. விரிவாகச் சொல்லவில்லை, அது குறைதான். ஆயினும் முடிவில் எல்லாரும் வீட்டுக்குள் நுழைய, ஈத்தன் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்று திரும்பிப் போகிறான். கதவு மூடுகிறது. பகைவனுக்குக் கல் மறுத்தவனுக்கு வீடும் இல்லை.

'ஷேன்' (1953) நம் தோட்டப்புற மக்களுக்கு இன்னும் நெருங்கியது. ஏனெனில் அது நிலத்தைப் பற்றியது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, ஒருவர் ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் நிலம் அவர்க்குச் சொந்தமாகும். அவ்வாறு வந்த உழவர்களை, மாட்டுப் பண்ணை முதலாளி ரைக்கர் விரட்டப் பார்க்கிறான். மற்ற இயக்குநராயின் ரைக்கரைக் கொடியவனாகக் காட்டிக் கதையை முடித்திருப்பர். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அவனுக்கு ஒரு வழக்குரை தருகிறார். நாங்கள் முதலில் வந்தோம், குருதி சிந்தி இந்நிலத்தை அடக்கினோம், நேற்று வந்த நீங்கள் வேலி போடுவதா என்று அவன் கேட்கும்போது அவன் குரலில் பொய் இல்லை. உனக்கு முன்பும் இங்கே ஆட்கள் இருந்தார்களே என்று உழவன் மறுமொழி கூறுகிறான். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த 'முன்பு இருந்தவர்கள்' படத்தில் ஒருவரும் தலைகாட்டவில்லை! நம் மாநிலத்துத் தெமுவான் மக்களை நினைத்துப் பார்ப்போர்க்கு இது புதுமையன்று.

காட்டை அழித்து ரப்பர் நட்டவர் நம் பாட்டன்மார். அவர்க்கு 160 ஏக்கர் வேண்டா, லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிக் கொல்லைகூடச் சொந்தமானதில்லை. தோட்டம் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டம் வாங்க வழிசெய்தார். 'ஷேன்' படத்தைப் பார்த்து நம் முதியோர் கண்கலங்கியது சிறுவன் கூவியழைக்கும் இறுதிக் காட்சிக்காக மட்டும் அன்று என்றே நினைக்கிறேன்.

'ஹை நூன்' (1952) படத்தைப் பலர் முதலிடத்தில் வைப்பர். 85 நிமிடப் படம், கடிகார முள்ளோடு கதையும் நகர்கிறது, துணைக்கு ஆள் கேட்டு மார்ஷல் வீடு வீடாகப் போகிறார், ஊர் கைவிரிக்கிறது. தேவாலயத்தில் நடக்கும் கூட்டம், நம் பெற்றோர் சங்கக் கூட்டங்களில் அமர்ந்திருந்தவர்க்கு நன்கு பழகிய கூட்டமே. எழுதிய கார்ல் ஃபோர்மன் அப்போது அரசியல் விசாரணைக்கு ஆளாகி நாட்டைவிட்டு நீங்கியவர். அவர் மனக்கசப்பு வரிக்குவரி தெரிகிறது. நல்ல நாடகம். ஆயினும் நிலம் இல்லாத நாடகம். எந்த ஊரிலும் நடக்கலாம். இத்தாலியர் செர்ஜியோ லியோனி ஸ்பெயின் நாட்டில் எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தின் உச்சக்காட்சி ஒரு மாபெரும் இடுகாட்டில் நிகழ்கிறது. பெயரற்ற ஒருவனின் குழியில் பொன் இருக்கிறது! அங்கே கல் என்பது பணம் புதைத்த இடத்துக்கு அடையாளம். கண்கொட்டாமல் பார்க்கலாம், போற்றுதற்கு என் மனம் இடந்தரவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ஒளிப்பதிவாளராகப் பெயர்பெற்ற எம். கர்ணன், ஜெய்சங்கரைக் கொண்டு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) ஆகிய படங்களை இயக்கினார். அவற்றை எள்ளி நகையாடுவது எளிது, நான் நகையாடேன். குதிரையோடு குதிரையாய்ப் பாய்ந்து செல்லும் அப்படப்பிடிப்பைப் பெருஞ்செலவு செய்த படங்களிலும் நாம் அதிகம் கண்டதில்லை. பின்னாளில் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) படத்தில் ஓர் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தது, நகைச்சுவையாயினும், நன்றிக்கடனே.

குறை எங்கேயென்றால், அத்தொப்பிக்குக் கீழே ஒரு நிலம் இல்லை. எந்த மாவட்டம், யாருடைய மேய்ச்சல் காடு, தாசில்தாரும் போலீசும் எங்கே போயினர் என்று கேட்டால் விடையில்லை. பழிவாங்குதல் இருக்கிறது, வழக்கு இல்லை. தீயவன் தீயவனாகவே பிறந்து தீயவனாகவே சாகிறான். தமிழ் மண்ணில் இக்கதைக்குப் பொருள் இல்லாமற் போயிற்றா? மதுரைச் சீமையில் களவுபோன மாட்டை மீட்டுத்தரத் 'துப்புக்கூலி' வாங்கும் வழக்கம் இருந்தது. ஊர்க்காவலும் களவும் ஒரே கூட்டத்தார் கையில் இருந்த காலம் அது. அம்மக்களைக் குற்றப் பரம்பரையென்று சட்டம் போட்டுக் கைரேகை பதிக்கச் சொன்னபோது மறுத்தமையால் 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கவர்ந்தவன், காத்தவன், சட்டம் கொண்டுவந்தவன் மூவரும் அங்கே இருக்கின்றனர். அரிசோனாவிலிருந்து தொப்பியைக் கடன் வாங்கியவர்கள் உசிலம்பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

என் கணக்கில் எல்லாவற்றினும் உயர்ந்தது ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962). கறுப்பு வெள்ளைப் படம். பெரும்பகுதி அரங்குக்குள் எடுக்கப்பட்டது. அகன்ற பள்ளத்தாக்கோ செம்பாறையோ இல்லை. முதியவர் தளர்ந்துபோனார் என்று அக்காலத்தில் குறைகூறியோர் உண்டு. ஆனால் ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு கௌபாய்ப் படம் பார்ப்பதாயின் இதனையே பார்க்க வேண்டும். ஏனெனில் இதன் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

சட்டம் படித்த இளைஞன் ஸ்டாடர்டு (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) ஷின்போன் என்னும் ஊருக்கு வரும் வழியில் கொள்ளையன் லிபர்ட்டி வேலன்ஸிடம் அடிபடுகிறான். அவன் சட்டப் புத்தகம் கிழிக்கப்படுகிறது. உணவுக்கடையில் தட்டுக் கழுவிக்கொண்டே, எழுத்தறியாத ஹாலிக்கும் ஊராருக்கும் பத்திரிகை அலுவலகத்தின் பின்னறையில் வகுப்பு நடத்துகிறான். சட்டமும் ஒழுங்கும் கல்வியை அடிப்படையாகக் கொண்டவை என்னும் பொருளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறது. சிறுவர், தாய்மார், மெக்சிகோ வழிப் பிள்ளைகள், பாம்பி என்னும் கறுப்பினத் தொழிலாளி எல்லாரும் ஒரே பெஞ்சில். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்னும் விடுதலைச் சாசனத்தின் பகுதி பாம்பிக்கு மறந்துபோகிறது. அதை மறப்பவர் பலர் என்று ஆசிரியன் தேற்றுகிறான். அந்நேரத்தில் அவனுடைய முதலாளி டோனிஃபன் (ஜான் வெய்ன்) உள்ளே வந்து, வேலை கிடக்கிறது, எழுந்து போ என்கிறான். பாம்பி போகிறான். வகுப்பு கலைகிறது. ஆசிரியன் கரும்பலகையைத் துடைக்கிறான்.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியது. பள்ளியும் வந்தது, கொட்டகையாக. மங்கு துடைக்கவும் புல் பிடுங்கவும் பிள்ளைகள் வகுப்பிலிருந்து எழுந்து போன கதையை மூத்த ஆசிரியர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கின்றனர்! அவர்களை அழைத்தவர் எல்லாரும் கொடியவரல்லர். பல வேளை பெற்றோரே அழைத்தனர். அன்றைய கூலி அப்படி. டோனிஃபனும் கொடியவன் அல்லன். அவனே இப்படத்தின் மாவீரன். அதனாலேதான் அக்காட்சி நெஞ்சில் தைக்கிறது.

ஊர் நம்புவதுபோல் வேலன்ஸைச் சுட்டவன் ஸ்டாடர்டு அல்லன். இருட்டில் மறைந்து நின்று சுட்டவன் டோனிஃபன். அதனால் அவன் விரும்பிய ஹாலியை இழந்தான். அவளுக்காகக் கட்டிய வீட்டைத் தானே கொளுத்தினான். ஸ்டாடர்டு ஆளுநரானான், செனட்டரானான். முதுமையில் மனைவியோடு அவன் இரயிலேறி வருவது, ஊரே மறந்துபோன டோனிஃபனின் சவ அடக்கத்துக்கு. வெறும் பலகைப் பெட்டி. காலில் இருந்த பூட்சையும் வெட்டியான் கழற்றிவிட்டான். அவற்றைத் திரும்ப மாட்டு என்று செனட்டர் அதட்டுகிறார். அருகே கிழவனாகிய பாம்பி மட்டும் உட்கார்ந்திருக்கிறான். உண்மை முழுதும் கேட்ட பத்திரிகை ஆசிரியர் குறிப்பைக் கிழித்துப் போடுகிறார். கதை நிலைத்தபின் உண்மையை அச்சிடுவதில்லையாம். கல் நட ஊருக்கு மனமில்லை. ஹாலி ஒரு கள்ளிப்பூவைப் பெட்டிமேல் வைக்கிறாள். அதுவே நடுகல், அதுவே பீலி.

திரும்பும் இரயிலில், காடாய்க் கிடந்த இந்நிலம் இன்று தோட்டமாகிவிட்டதே என்று அவள் வெளியே பார்த்துச் சொல்கிறாள். அப்போது நடத்துநர் வந்து, லிபர்ட்டி வேலன்ஸைச் சுட்ட வீரருக்கு எங்கள் இரயில்வே எதையும் செய்யும் என்று பெருமையோடு கூறுகிறார். ஸ்டாடர்டு புகைக்குழாயைப் பற்றவைக்கத் தீக்குச்சி கொளுத்தியிருக்கிறார். சற்று நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, பற்றவைக்காமலேயே ஊதி அணைக்கிறார்.