மறைந்த நகைப்படமும் மெய்ப்பாடும்

மறைந்துபோன நூல்களை ஆராய்தல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைத்தில. எனினும் உரையாசிரியர் எடுத்தாண்ட பாடல்களாலும் புறத்திரட்டாலும் அவற்றின் சுவையை ஓரளவு உணர்கின்றோம். மறைந்த ஊமைப்படத்தையும் இம்முறையால் மதிப்பிடலாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1921-இல் கல்கத்தாவில் வெளிவந்த ‘பிலாத் பேரத்’ என்னும் வங்கப் படத்தைச் சான்றாகக் கொள்வோம். ‘சீமையிலிருந்து மீண்டவன்’ என்பது அப்பெயரின் பொருள். நி. ச. லாஹிரி இயக்கிய இப்படத்தில் தீரேந்திரநாத் கங்கூலி தலைவனாக நடித்தார். மேனாட்டுக் காதற்கொள்கையில் மயங்கி மீண்ட இளைஞன், பழமை பேணும் பெற்றோரைத் திகைக்கச் செய்வது கதை. அதன் முழுப்படி இன்று கிடைத்திலது.

இக்கதைச் சுருக்கம் ஒன்றையே கொண்டு, அப்படம் புதுமையைப் பழித்தது என்று துணிதல் எளிது. ஆயினும் அது பொருந்தாது. தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன் நான்கனுள் எள்ளல் வேறு, பேதைமை வேறு. எள்ளலும், தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருபாற்படும் என்பர் பேராசிரியர். இளைஞன் பெற்றோரை எள்ளினானா, அவையோரால் எள்ளப்பட்டானா என்பதை அவன் கண்ணும் கையும் நடையுமே காட்டும். சுருக்கத்தில் அவை இல்லை.

கங்கூலி தம் முகக்குறிப்புகளையும் பல்வேறு வேடங்களையும் ஒளிப்படங்களாக்கி ‘பாவேர் அபிவ்யக்தி’ என்னும் நூலாக வெளியிட்டவர். அந்நூல் அவர்தம் ஆற்றலுக்குச் சான்றாகும். அப்படத்தில் அவர் செய்ததற்குச் சான்றாகாது.

மதுரையை நிலைக்களனாகக் கொண்டு வளர்ந்த ஸ்பெஷல் நாடகத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் அச்சில் நிலைத்தன. பபூன் அவ்வப்போது படைத்த நகையோ அவ்விரவோடு கழிந்தது. பாட்டை மேற்கோள் காட்டலாம். மெய்ப்பாட்டைக் காட்டல் அரிது.

ஆயின் திரைப்படம், அம்மெய்ப்பாட்டையும் பதிந்து வைக்க வல்லதன்றோ? 1931-இல் வெளிவந்த ‘ஜமாய் பாபு’ என்னும் வங்க நகைப்படம் எஞ்சியிருத்தலின், நாட்டுப்புறத்து மருமகன் கல்கத்தாவில் படும் பாட்டை இன்றும் கண்டு நகைக்கின்றோம். அதனினும் பழைய படங்கள் பலவற்றிற்கு இப்பேறு வாய்க்கவில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது, நாளடைவிற் சிதைவது. பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்துக்கு வாணிகப் பயன் குன்றியது; குன்றவே, புதுப்படி எடுப்பாரும் அருகினர். ஏடும் சிதைவதே, பெயர்த்தெழுதுவார் இருந்தமையின் நூல் பிழைத்தது. 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றி ஏடுகளைத் தொகுத்ததும் இக்கருத்துப் பற்றியே.

ஆகலின், மறைந்த படத்தின் கதையை அறிந்தேம் எனலாம். அதன் நகையை அறிந்தேம் எனல் ஆகாது. இவ்வரையறையைப் பேணுதல் திறனாய்வாளர் கடன். எஞ்சிய சுருளைப் பேணுதல் நம் அனைவர்க்கும் கடன்.