பெல்மார்ஷ் தீர்ப்பு: ஒரு மறுவாசிப்பு

2004 டிசம்பர் 16 அன்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதியரசர்கள் ஒன்பதின்மர் வழங்கிய தீர்ப்பு, பெல்மார்ஷ் தீர்ப்பு என்னும் பெயரால் சட்ட உலகில் நிலைபெற்றுவிட்டது. பாதுகாப்பா, சுதந்திரமா என்ற வினா எழும் இடங்களிலெல்லாம் அது எடுத்துக்காட்டப்பெறுகிறது. நம்மவர் மேடைகளில் அது புகழப்பட்ட அளவுக்கு வாசிக்கப்படவில்லை என்பது நம் எண்ணம். வாசித்தால் அதன் பெருமையோடு குறையும் புலப்படும்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொல்லப்பட்டனர். மூன்று மாதங்கள் கழிந்த நிலையில் பிரிட்டன் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. பயங்கரவாதி என ஐயுறப்படும் வெளிநாட்டவரைத் தாய்நாட்டுக்கு அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாவார் என்ற நிலை இருப்பின், உள்துறை அமைச்சர் ஒரு சான்றிதழ் வழங்கி அவரைக் குற்றச்சாட்டோ விசாரணையோ கால வரம்போ இன்றிச் சிறையில் வைக்கலாம் என்றது அது. இதற்காக ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவிலிருந்து பிரிட்டன் விலக்குப் பெற்றுக்கொண்டது. உடன்படிக்கையில் இணைந்த வேறெந்த நாடும் அன்று இவ்வாறு செய்யவில்லை. இலண்டனின் தென்கிழக்கிலுள்ள பெல்மார்ஷ் சிறையில் வெளிநாட்டு முஸ்லிம்கள் அடைக்கப்பட்டனர்.

இதனை எட்டு நீதியரசர்கள் ஏற்கவில்லை; ஒருவர் மட்டுமே அரசின் பக்கம் நின்றார். தலைமைத் தீர்ப்பை எழுதிய பிங்ஹாம் பிரபுவின் வாதம் எளியது. எளிமையே அதன் வலிமை. அதே ஆபத்து பிரிட்டிஷ் குடிமக்களிடமிருந்தும் வருகிறதென்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் குடிமகன் வீட்டில் இருக்கிறான், வெளிநாட்டவன் சிறையில் இருக்கிறான். அச்சிறைக்கோ மூன்று சுவர்களே உண்டு! நாட்டைவிட்டுச் செல்ல விரும்புவோர் செல்லலாம். இருவர் அவ்வாறே சென்றனர். ஒருவர் மொராக்கோவுக்கு, மற்றவர் பிரான்சுக்கு. கட்டுக்காவலில் வைக்கத்தக்க அளவு ஆபத்தானவர் என்றால், கடல் கடந்து பிரான்சில் உலவ அவரை விட்டது எங்ஙனம்?

பாதுகாப்பையும் சுதந்திரத்தையும் தராசின் இரு தட்டுகளாகப் பேசுவது இன்று வழக்காகிவிட்டது. ‘எல்லாரும் சிறிது சுதந்திரத்தை விட்டுக்கொடுத்து எல்லாரும் பாதுகாப்புப் பெறுவோம்’ என்பது அவ்வுவமையின் உட்பொருள். பெல்மார்ஷில் நடந்தது அதுவன்று. ஒரு தட்டில் இருந்தது பெரும்பான்மையோரின் அமைதி. மறுதட்டில் வைக்கப்பட்டது வாக்குரிமையற்ற சிலரின் வாழ்நாள். விலை கொடுப்பவரும் பொருள் பெறுபவரும் வெவ்வேறாக இருக்கும்போது அதனை எடைபோடுதல் என்று சொல்ல நம் நா எழவில்லை. இதனைக் கண்டு சொன்னதே அத்தீர்ப்பின் பெருமை.

ஃபிக்ஹு விதிகளைப் பாடம் நடத்துவோருக்கு இங்கே ஒரு பழகிய குரல் கேட்கும். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும் என்ற விதியை மாணவர் விரைந்து மனனம் செய்வர். அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டலாகாது என்ற துணைவிதியை மறப்பர். இமாம் சுயூத்தி அவர்களின் ‘அல் அஷ்பாஹ் வந் நளாயிர்’ இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. நெருக்கடி கண்டிப்பாகக் கோரும் அளவே நடவடிக்கை இருக்கவேண்டும் என்று உடன்படிக்கையின் பதினைந்தாம் பிரிவு சொல்வதும் இத்துணைவிதிக்கு நெருக்கமானதே.

எனினும் அளவைத் தீர்மானிக்க முன்வந்த நீதியரசர்கள், நெருக்கடி உண்டா என்ற கேள்வியை அரசிடமே விட்டுவிட்டனர். பிங்ஹாம் பிரபு தயக்கத்தோடுதான் விட்டார்; விட்டது விட்டதே. தேசத்தின் உயிருக்கே ஆபத்து என்று சொல்ல இடமில்லை என மறுத்தவர் ஹாஃப்மன் பிரபு ஒருவரே. பாகுபாடு பற்றி அவர் கருத்துரைக்க விரும்பவில்லை. இதே அதிகாரத்தைக் குடிமக்கள் மீதும் நீட்டிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என எவரும் கருதிவிடலாகாதே என்று அவர் அஞ்சினார்.

அவர் அஞ்சியதே நிகழ்ந்தது. தீர்ப்பு வந்த நாளில் எவரும் விடுதலையாகவில்லை. அச்சட்டம் உடன்படிக்கைக்கு முரணானது என்று அறிவிக்க மட்டுமே நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. 2005 மார்ச்சில் பழைய பிரிவு நீங்கிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கணுக்காலில் மின்னணுப் பட்டை, வீட்டைவிட்டு வெளியேற நேர வரம்பு, சந்திக்கும் மனிதருக்கு அனுமதி. இது குடிமகனுக்கும் உண்டு, வெளிநாட்டவனுக்கும் உண்டு. சமத்துவம் கிடைத்தது! சமத்துவத்தை மட்டும் ஊன்றுகோலாகக் கொண்ட வாதத்தின் பலவீனம் இதுவே. இருவரையும் விடுவித்தும் சமமாக்கலாம், இருவரையும் பூட்டியும் சமமாக்கலாம்.

நான்கு மாதங்கள் செல்லுமுன், 2005 ஜூலை 7 அன்று, இலண்டன் சுரங்க இரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். வேலைக்குப் புறப்பட்ட மக்கள் அவர்கள். முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். போர்க்களத்திலேயே பெண்களையும் சிறாரையும் கொல்லலாகாதெனத் தடுத்த மார்க்கத்தின் பெயரால் இதனைச் செய்தோருக்கு நம்மிடம் எந்தச் சாக்கும் இல்லை. ‘ஆனால்’ என்று தொடங்கும் கண்டனங்களை நம் ஏடுகளிலும் கண்டு நாம் வெட்கியதுண்டு. குண்டு வைத்த நால்வருள் மூவர் பிரிட்டனில் பிறந்தவர்கள். நான்காமவர் ஜமைக்காவில் பிறந்து சிறுவயதிலேயே அங்குக் குடியேறியவர். வெளிநாட்டவரை மட்டும் பூட்டிய சட்டத்தைப் பற்றி நீதியரசர்கள் எழுப்பிய ஐயத்துக்கு இதனினும் கொடிய சான்று வேறு வேண்டியதில்லை.

இரு வாரங்களில், ஜூலை 22 அன்று, ஸ்டாக்வெல் நிலையத்தில் காவலர் ஆளை மாறாட்டமாகக் கருதி பிரேசில் நாட்டு மின்பணியாளர் ஒருவரைச் சுட்டுக்கொன்றனர். அதற்காகக் காவல்துறை 2007இல் தண்டனை பெற்றது, பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ். அபராதம் 1,75,000 பவுண்டு.

பின்னர் நாட்களின் பேரம் தொடங்கியது. குற்றச்சாட்டின்றிக் காவலில் வைக்க 90 நாட்கள் கேட்டார் பிளேர். 2005 நவம்பரில் 322க்கு 291 என்ற வாக்குகளில் மக்களவை மறுத்து, பின்னர் 28 நாட்கள் தந்தது. 2008இல் 42 நாட்கள் கேட்கப்பட, மக்களவை இசைந்தும் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. 2011இல் அது 14 நாட்களுக்குத் திரும்பியது. 28 நாட்களுக்குக் கூறப்பட்ட நிர்ப்பந்தம் எந்த நாளில், எவர் சாட்சியத்தின்பேரில் நீங்கியது என்று நாம் தேடிப்பார்த்தோம். உத்தரவின் காலம் முடிந்தது, அரசு புதுப்பிக்கவில்லை, அவ்வளவே. கட்டுப்பாட்டு ஆணைகளும் அவ்வாண்டே நீக்கப்பட்டு, சற்றுத் தளர்ந்த வடிவில் வேறொரு பெயரோடு சட்டப் புத்தகத்தில் ஏறின.