தீர்ப்பு எழுதியவர் யார்?

பழிவாங்குவது மனிதனுக்கு உரியதன்று, அது ஆண்டவனுக்கே உரியது என்று கிறித்தவம் போதிக்கிறது. மோசேயின் பெயரால் வழங்கும் ஆகமத்திலே காணும் இக்கருத்தைப் பவுல் உரோமாபுரிக் கிறித்தவர்க்கு எழுதிய மடலில் மீண்டும் எடுத்தோதினார். கேட்ட மாத்திரத்தில் இது நல்ல போதனையாகவே படுகிறது. பகைவன்மீது ஓங்கிய கத்தியை உறையிலே போடு, கணக்குத் தீர்க்க மேலே ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால் கொலை குறையாதா, குருதி வெள்ளம் வற்றாதா என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். வினா நேர்மையானது. நாமும் நேர்மையாகவே விடை காண்போம்.

ஒரு நீதிமன்றத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அங்கே குற்றப்பத்திரிகை படிக்கப்படுவதில்லை. சாட்சிகள் விசாரிக்கப்படுவதில்லை. நீதிபதி வாய் திறப்பதுமில்லை. தண்டனை மட்டும் திடுமென வந்து விழுகிறது. எக்குற்றத்திற்கு இத்தண்டனை என்று கூண்டில் நிற்பவன் கேட்டால், நீதிபதியின் சார்பில் வேறொருவர் எழுந்து, "நான் சொல்கிறேன் கேள்" என்கிறார். அவர் கூறுவது நீதிபதியின் தீர்ப்பா, அவருடைய சொந்தத் தீர்ப்பா? அறிய ஒரு வழி உண்டு. ஒரே தண்டனைக்குப் பலர் பொருள் கூறிய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்கள் கூறியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். வரலாற்றில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது.

1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள். புனிதர் அனைவருக்கும் கிறித்தவர் எடுக்கும் திருநாள். போர்ச்சுகல் நாட்டின் தலைநகராம் லிஸ்பனில் காலை வழிபாட்டிற்காகத் தேவாலயங்கள் நிரம்பியிருந்தன. ஒன்பதரை மணிக்குமேல் நிலம் குலுங்கியது. தொழுதுகொண்டிருந்தோர் தலைமேல் கூரைகள் சரிந்தன. வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சற்று நேரத்தில் கடல் பொங்கி வந்து வாரிக்கொண்டது. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளும் வீடுகளில் எரிந்த அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் அணையவில்லை. மாண்டோர் பல்லாயிரவர். மன்னரின் அரண்மனை போயிற்று. அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட இசை நாடக அரங்கு போயிற்று. நோயாளிகள் படுத்திருந்த மருத்துவமனை போயிற்று. மதத்தின் பெயரால் மக்களை வதைத்த இன்குவிசிஷன் என்னும் விசாரணை மன்றத்தின் மாளிகையும் போயிற்று. கடலுக்கு அப்பால் மொராக்கோவில் மசூதிகளும் இடிந்தன.

இனி, பொருள் கூறியவர்களைப் பார்ப்போம்.

முதலில் எழுந்தவர் மலகிரிடா. ஏசு சபைத் துறவி. பிரேசில் நாட்டில் நெடுங்காலம் சமயப் பணி புரிந்தவர். 1756இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிலநடுக்கத்தின் உண்மைக் காரணம் பற்றிய தீர்ப்பு என்பது அந்நூற்பெயரின் பொருள். தீர்ப்பு என்றே பெயரிட்டார் என்பதைக் கவனியுங்கள்! இயற்கையால் நேர்ந்ததன்று இது. நாடகம், நாணமற்ற நடனம், காளைப் போர் முதலான பாவங்களுக்காக ஆண்டவன் அளித்த தண்டனை என்றார். வீடிழந்த மக்களுக்கு அவர் காட்டிய முதல் வழி, தனித்திருந்து தவஞ்செய்வது.

அடுத்தவர் ஆங்கில நாட்டு ஜான் வெஸ்லி. மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை. அவரும் 1755இலேயே லிஸ்பனைப் பற்றி ஒரு துண்டு நூல் எழுதினார். அவர் கண்ட குற்றம் வேறு. போர்ச்சுகல் மண்ணில் விசாரணை மன்றம் சிந்திய குருதிக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது என்பது அவர் கருத்து. கத்தோலிக்கத் துறவிக்கு நாடகம் குற்றமாகத் தெரிந்தது. புரோட்டஸ்டண்டுப் போதகருக்குக் கத்தோலிக்க மன்றம் குற்றமாகத் தெரிந்தது.

மூன்றாமவர் அமெரிக்காவில், பாஸ்டன் நகரில் இருந்தார். 1755 நவம்பர் 18ஆம் நாள் அப்பகுதியிலும் நிலம் அதிர்ந்து வீடுகளின் புகைபோக்கிகள் சரிந்தன. தாமஸ் பிரின்ஸ் என்னும் பாதிரியார், நிலநடுக்கம் ஆண்டவனின் சினத்திற்கு அடையாளம் என்ற தம் பழைய சொற்பொழிவை மீண்டும் அச்சிட்டார். அதனோடு புதிதாக ஒன்றையும் சேர்த்தார். மின்னலைத் தாங்கி மண்ணுக்குள் அனுப்பும் இடிதாங்கிக் கம்பிகள் நிலத்தில் மின்சாரத்தை நிரப்புகின்றன. நிலம் அதிர அதுவே காரணமாகலாம் என்றார்! ஹார்வார்டு கல்லூரிப் பேராசிரியர் ஜான் வின்திராப், அவரும் கடவுள் நம்பிக்கை உடையவரே, இக்கூற்றை மறுத்து எழுதினார்.

மூன்று கூற்றுகளையும் அருகருகே வையுங்கள். நிலநடுக்கத்தைப் பற்றி இவற்றிலிருந்து நாம் கற்பது யாது? ஒன்றுமில்லை. ஆனால் கூறியவர்களைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்கிறோம். எவர் எதை வெறுத்தாரோ அதையே ஆண்டவனும் வெறுத்ததாக எழுதினார். உண்மையிலேயே ஒரு நீதிபதியின் வாயிலிருந்து வந்த தீர்ப்பாயின் மூவர் ஏடுகளில் மூன்று விதமாக இருக்குமா? தொட்டிலில் மாண்ட குழந்தை எந்த நாடகத்தைப் பார்த்தது? எவரைச் சிறையில் வதைத்தது?

நல்ல நோக்கமும் இப்பிழையை நேராக்கிவிடாது. 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெருநடுக்கம் அழித்தபோது, தீண்டாமை என்னும் பாவத்திற்கு ஆண்டவன் அளித்த தண்டனை அது என்று காந்தியார் நம் திருநெல்வேலியிலே பேசினார். கவிஞர் தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். தீண்டாமை ஒழியவேண்டியதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இடிபாட்டில் நசுங்கியவருள் தீண்டப்படாதாரும் இருந்திருப்பரன்றோ? அவர்களை எக்குற்றத்திற்காகத் தண்டித்தான் இறைவன்? தீண்டாமையை ஒழிக்க மனித நேயம் போதும்; மண்ணதிர்ச்சியைச் சாட்சிக்கு அழைக்கவேண்டியதில்லை.

விவிலியத்தைக் கற்ற கிறித்தவ நண்பர் ஒருவர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, ஏசுவே இதை மறுத்திருக்கிறாரே என்று கூறலாம். உண்மைதான். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெண்மர் மாண்டனர். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவரைவிடக் கொடிய பாவிகள் அல்லர் என்று ஏசு கூறியதாக லூக்காவின் நூல் உரைக்கிறது. அந்தச் சொல்லை லிஸ்பனுக்குப் பொருள் கூறியவர்கள் நினைவிற் கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் அதே வாக்கின் பிற்பகுதி, மனந்திரும்பாவிடில் நீங்களும் அவ்வாறே அழிவீர்கள் என்ற எச்சரிக்கையோடு முடிகிறது. மாண்டவர்மீதிருந்த பழி நீங்கியது. இருப்பவர்மீது அச்சம் ஏறியது. சோதோம் நகர்மீது நெருப்பு பொழிந்த கதையும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. ஆகவே, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டனர். மக்களை அச்சுறுத்த விரும்பியவர்க்குச் சோதோம் எளிதில் கைகொடுத்தது, சீலோவாம் மறந்துபோயிற்று.

லிஸ்பனுக்கு உண்மையில் உதவியது எது? நிலநடுக்கத்திற்குப் பின் அரசின் ஆணையால் ஊர்தோறும் பங்குக் குருமார்க்கு வினாப் பட்டியல் ஒன்று அனுப்பப்பட்டது. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பெற்ற அமைச்சர் கார்வாலோவின் ஆட்சி அது. எவ்வளவு நேரம் அதிர்ந்தது? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் மாண்டனர்? கடல் முதலில் உள்வாங்கிற்றா, பொங்கிற்றா? ஊற்றுகளில் நீர் கூடிற்றா, குறைந்ததா? இவை போன்ற வினாக்கள். என்ன பாவம் செய்தீர் என்ற வினா இல்லை. குருமார் எழுதிய விடைகளை நிலநடுக்க ஆராய்ச்சியாளர் இன்றும் போற்றிப் பயன்படுத்துகின்றனர். ஏன் நடந்தது என்று ஆண்டவனுக்காகப் பேசியபோது பயன்படாத பாதிரியார், கண்டதைச் சொல் என்று கேட்டபோது நல்ல சாட்சியாக விளங்கினார்! புதிய லிஸ்பனின் வீடுகளில் சுவருக்குள் மரச் சட்டங்களைக் கூண்டுபோல் பின்னிக் கட்டினர், மீண்டும் அதிர்ந்தால் வீடு தாங்கவேண்டும் என்பதற்காக.

இனி, நண்பர்களின் முதல் வினாவுக்கு வருவோம். பழிவாங்கும் உரிமையை மேலுலகுக்கு அனுப்பிவிட்டால் கீழே கத்தி உறைக்குள் போகுமா? மலகிரிடாவின் முடிவே விடை கூறுகிறது. அமைச்சரின் பகைக்கு ஆளாகி, மன்னரைக் கொல்லச் செய்த சதியில் ஐயுறப்பட்டு அவர் சிறைப்பட்டார். பின்னர், சிறையில் அவர் எழுதியவற்றைக் காட்டி, மதத்துரோகி என விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. 1761 செப்டம்பர் 21ஆம் நாள், எழுபதைக் கடந்த அம்முதியவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். ஆண்டவனின் தீர்ப்பைத் தாம் அறிந்ததாகச் சொன்னவரை, ஆண்டவனின் பெயராலேயே இயங்கிய மன்றம் கொன்றது. இதில் பகுத்தறிவாளர் மகிழ ஒன்றுமில்லை. மதவெறியை வாழ்நாளெல்லாம் எதிர்த்த வால்டேரே இக்கொலையைக் கண்டித்தார். நாமும் கண்டிக்கிறோம்.

கத்தி உறைக்குப் போகவில்லை, தோழர்களே! மேலே இருப்பவன் சார்பில் பேசுவதாகச் சொன்னவர் கைக்குப் போயிற்று. மனிதன் தன் பெயரால் பழிவாங்கினால் ஊர் கேட்கும், சட்டம் கேட்கும். ஆண்டவன் பெயரால் வாங்கினால் எவர் கேட்பது?

நாம்தான் கேட்கவேண்டும். புயலோ பஞ்சமோ கொள்ளைநோயோ வரும்போதெல்லாம், இன்னாரின் பாவத்தால் வந்தது இது என்று உரைப்பவர் எந்த மதத்தினராயினும் அவர்முன் நின்று, உமக்கு எப்படித் தெரிந்தது என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் விடைக்காகக் காத்திராமல், இடிபாட்டில் சிக்கியவரைத் தூக்க ஓடுங்கள்.