மணிமேகலையின் அளவையும் வாதத்தின் செல்லுபடியும்

மணிமேகலையின் 29ஆம் காதையான ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’, அறவண அடிகள் வாயிலாகப் பௌத்த அளவையை விரித்துரைக்கிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்பது அங்குள்ள பகுப்பாகும். இதனை மேலைத் தருக்கத்தோடு அப்படியே ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

ஒரு சான்று காண்போம். மூவாரில் வாழ்வோர் அனைவரும் ஜொகூரில் வாழ்வோர். இவர் ஜொகூரில் வாழ்பவர். ஆகவே, இவர் மூவாரில் வாழ்பவர். இவர் உண்மையிலேயே மூவாரில் வாழ்பவராயினும் இவ்வாதம் செல்லாது. பத்து பகாட்டில் வாழ்பவருக்கும் அவ்வேது பொருந்துமன்றோ? காப்பியம் இதனை ‘விபக்கைகதேச விருத்தி சபக்க வியாபி’ என்னும் அநைகாந்திகத்துள் அடக்கும். ஏதுவானது துணிபொருள் உள்ள இடமெங்கும் பரவி, அஃது இல்லாத இடங்கள் சிலவற்றிலும் காணப்படுவதே இக்குற்றம். இங்கு இரு மரபுகளும் உடன்படுகின்றன.

ஆயின், ஒலி செவிக்குப் புலனாகாது என்பது போன்ற பிரத்தியக்க விருத்தத்தையும் காப்பியம் போலியுள் சேர்க்கிறது. இக்குற்றம் கூற்றின் பொய்ம்மையால் வருவது; வாத அமைப்பால் வருவதன்று. மேலைத் தருக்கம் வடிவத்தையும் உண்மையையும் பிரித்து நோக்க, பௌத்த அளவை இரண்டையும் ஒருங்கே சோதிக்கிறது. நான்காம் படிவக் கணிதத்தில் தருக்கம் பயிலும் மாணவருக்கு மணிமேகலையை எடுத்துக்காட்டும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைச் சுட்டாவிடில், முடிவு மெய்யாயின் வாதமும் செல்லும் என்னும் மயக்கமே எஞ்சும்.